மதகு வரைக்கும்

மூணுரோட்டில் இளநீர் விற்ற அக்காவிடம் வழுக்கை இருக்குமா என்று கேட்டால், "வெட்னா தெரியும்" என்பார். மற்ற கடைக்காரர்கள் காயை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள், நல்ல வழுக்கை, தண்ணியும் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுத்தான் சீவத் தொடங்குவார்கள். இவர் சுண்டவும் மாட்டார், ஆட்டவும் மாட்டார். குலையில் கைக்கு வந்த காயை எடுத்துச் சீவிக் கொடுப்பார். குடித்து முடித்ததும் பிளந்து பார்ப்பார். வழுக்கை இருந்தால் மட்டையிலேயே ஒரு சில்லு செதுக்கிக் கையில் கொடுப்பார். இல்லையென்றால் காயை ஓரமாகப் போட்டுவிட்டு அருவாளைத் துடைப்பார். அதற்காக வருத்தப்பட்டது போலத் தெரியாது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. டிரைவர்கள் இளநி அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார். அடிவாரத்து ஊர் ஒன்றில் நான் அப்போது பால்வாடி டீச்சர். என் வீடு மூணுரோட்டுக்குப் பக்கத்துக் காலனியில். காலையில் மலைப்பக்கம் போகும் மினிபஸ்ஸுக்கு அவர் கடையை ஒட்டித்தான் நிற்பேன். சாயங்காலம் அங்கேதான் இறங்குவேன். இப்போது மாற்றலாகி மணலூர்பேட்டைப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே பஸ் நிற்கும் இடத்தில் இளநீர்க் கடை எதுவும் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ரோடு, கள்ளக்குறிச்சிக்குப் போக அந்த இடத்தில் மூன்றாகப் பிரியும். நேராகப் போவது பாலத்து ரோடு. இடது பக்கம் ஏரிக்கரையின் மேலேயே போவது கரை ரோடு. வலது பக்கம் வளைந்து வளைந்து தெருக்களுக்குள் நுழைந்து போவது ஊர் ரோடு. மூன்றும் கடைசியில் டவுனில் போய்ச் சேரும். மூன்றும் பிரிகிற முனையில் ஏதோ ஒரு செல்போன் கம்பெனி கொடுத்த பெரிய குடை. அதன் கீழே மூன்று சக்கர வண்டி. அதில் சாய்ந்தபடி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு அக்கா.

விடுமுறை நாட்களில் மலைமேல் அருவி பார்க்கக் கார்கள் வரும். கண்ணாடியை இறக்கி, வெள்ளிமலைக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், ரோடு எப்படி, மேலே சாப்பாடு கிடைக்குமா என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். அக்கா எழுந்து நின்று மலைப்பக்கம் ஒரு தடவை பார்ப்பார்.

"அந்த வளைவு வரிக்கும் நல்லா இருக்குதுங்க. அங்க செக்போஸ்ட்டாண்ட ஆளு இருப்பாங்க, கேட்டுக்கினு போங்க."

ஒருவர் எரிச்சலாகிவிட்டார். இந்த ஊர்தானேம்மா நீ, இதுகூடத் தெரியாதா என்றார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. ஊர் இதுதான், ஆனால் மேலே போய் வருஷக்கணக்காகிறது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நிதானமாகக் கேட்டார். அந்த ஆள் இளநீர் குடிக்காமலேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் இதை வீட்டில் நடித்துக் காட்டுவார். அவர் கரும்பு வெட்டுகிறவர். சாயங்காலம் உடம்பெல்லாம் கரும்புச் சுணை அரிக்க வந்து உட்காருவார். ராத்திரிக்குச் சோறு போதுமா என்று நான் கேட்டால், எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து, "பானைய தொறந்தா தெரியும்" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு முறை திருநாவலூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், வீட்டுக்குப் போகும் முன் அக்கா கடையில் இறங்கி, அந்தக் குடும்பம் எப்படி என்று விசாரித்தார்கள். பெண் காலேஜ் பஸ்ஸுக்கு இங்கேதான் நிற்கும், நிமிர்ந்து நிற்கும், செருப்பு அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போகும், வீட்டுக்குள்ளே எப்படி என்று எனக்குத் தெரியாதுங்க என்றார் அக்கா. பெண்ணின் அம்மா மறுநாள் வந்து சண்டை போட்டாள். தங்கமான பொண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்டாள். சொன்னதெல்லாம் நல்லதுதானே என்று அக்கா உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் கழுத்தில் தாலி இருந்தது. புருஷன் இல்லை. சின்ன வயதிலேயே, வெளியூர் வேலைக்கு ஆள் பிடிக்க வந்த லாரியில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. இத்தனை வருஷமாகிவிட்டது, காரியத்தைச் செய்து தாலியைக் கழற்று என்று அண்ணன் தம்பிகள் பலமுறை சொல்லிப் பார்த்தார்களாம். அதைப் பற்றி ஒரு நாள் அவரே சொன்னார், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

"லாரி ஏறுனத பாத்தேன் டீச்சர். பாலம் தாண்டுற வரிக்கும் பாத்தேன். அப்பறம் நடந்தத நான் பாக்கல. பாக்காததுக்கு எப்டி காரியம் பண்றது?"

அதற்காகத்தான் இங்கே கடை போட்டீர்களா, வந்தால் தெரியும் என்றா, எனக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் குடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கே வண்டி நிற்கும், வியாபாரம் ஆகும், அதனால்தான் என்றார்.

அந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்கிய பிறகும் மழை விடவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் மண் அரித்து அரித்து, ஒரு நாள் காலையில் ரோடே ஆற்றோடு போய்விட்டது. பாலம் தனியாக நின்றது. மலைக்குப் போகிற பஸ், மரவள்ளிக் கிழங்கு லாரி, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர், பால் வண்டி எல்லாம் மற்ற இரண்டு ரோட்டில்தான் போயாக வேண்டும். இரண்டும் அத்தனை வண்டியைத் தாங்குகிற ரோடு இல்லை.

முதல் நாள் யாரோ ஒருவர் போன் குரூப்பில், எல்லோரும் ஊர் ரோட்டில் போகவும் என்று போட்டுவிட்டார். எல்லோரும் போனார்கள். ஒரு தெருவில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு கரும்பு டிரெய்லர்கள் உரசிக்கொண்டு நின்றன. அதன் பின்னால் எல்லாமே நின்றன. இந்தப் பக்கம் கரை ரோட்டில் அன்றைக்கு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மறுநாளிலிருந்து போனை யாரும் பார்க்கவில்லை. முக்குக்கு முக்கு நிற்கிற ஆளைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த ஆட்களை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. மூணுரோட்டில் அக்கா இருந்தார். ஊர் ரோட்டின் நடுவில், பள்ளிவாசல் முக்கில் வெல்டிங் கடை பாய் நின்றார். டவுன் நுழைகிற இடத்தில் போண்டா போடுகிற அண்ணன் ஒருவர். ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் கிடையாது. அக்கா பள்ளிவாசல் முக்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவரவர் முன்னால் பிரிகிற ரோட்டை மட்டும் பார்த்தார்கள். ஒரு பக்கம் வண்டி சேர்ந்தால் அடுத்ததை மறுபக்கம் விடுவார்கள். இரண்டு பக்கமும் நிறைந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். பாய் நிறுத்தினால் அந்த வரிசை பின்னால் வளர்ந்துகொண்டே வரும். அதன் வால் மூணுரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தவுடன், அக்கா அடுத்த டிராக்டரைக் கரை ரோட்டில் திருப்புவார். வால் மறைந்தால் மறுபடி ஊர் ரோடு. ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

பாய்க்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது எதிர் மளிகைக் கடைக்காரர் வந்து நின்றாராம். அன்றைக்கும் வண்டிகள் போயின. தாமதமானாலும் கரும்பு காயாமல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காமலே இவ்வளவு பெரிய சோலி நடக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். நாங்கள் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேசியது எல்லாம் நினைவில்லை.

கரை ரோட்டில் மட்டும் நடுவில் ஆள் இல்லை. மூணுரோட்டிலிருந்து பார்த்தால் ஏரி மதகு வரைக்கும் கரை நேராகத் தெரியும். மதகைத் தாண்டியதும் வளைந்துவிடும். வளைவுக்கு அப்பால், நெல்லடிக்கும் களத்துக்குப் பிரிகிற ஒரு மண்பாதையும் கரை ரோடும் சேர்கிற முனை இருக்கிறது. அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது. நாலைந்து பனைமரம். ஒரு ஆள் அங்கே வந்து நிற்க எந்தக் காரணமும் இல்லை.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெட்டிப் போட்ட கரும்புச் சோகையை ஒதுக்கும்போது என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது. நல்ல பாம்பு. அவரே பார்த்தார், அவரே சொன்னார். கணுக்காலுக்கு மேலே. ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று என் கொழுந்தன் தன்னுடைய குட்டியானை லோடு வண்டியை எடுத்தான். நான் வீட்டிலிருந்து ஓடிவந்து ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். கால் மதமதவென்று இருக்கிறது, அவ்வளவுதான், நீ பயப்படாதே என்றார்.

மூணுரோட்டுக்கு வந்தபோது ஊர் ரோட்டில் கரும்பு டிராக்டர்களின் வால் நின்றுகொண்டிருந்தது. கொழுந்தன் வண்டியை நிறுத்தாமலேயே எந்தப் பக்கம் என்று கத்தினான். அக்கா கிட்டே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். காலில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். அருவாளைப் போட்டுவிட்டுக் கரைச்சரிவில் ஓடி ஏறி, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"கர ரோடு காலியா இருக்குது. மதகு வரிக்கும் ஒரு வண்டி இல்ல. போ தம்பி."

கரை ரோட்டில் திரும்ப இருந்த ஒரு டிராக்டரைக் கை காட்டி நிறுத்தி, எங்களை முன்னால் விட்டார்.

மதகைத் தாண்டி வளைந்தோம். அந்த முனையில், எதிரிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று கரையின் ஓரமண்ணில் பின்சக்கரம் இறங்கி, ரோட்டை அடைத்துக் குறுக்காக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எதிரிலிருந்து எதுவும் வர முடியவில்லை. அதனால்தான் மதகு வரைக்கும் ரோடு அவ்வளவு காலியாக இருந்தது. பின்னால் எடுக்கலாம் என்று கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் நிறுத்தி வைத்த டிராக்டரும் அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டியும் எங்களை ஒட்டி வந்து நின்றுவிட்டன. அக்கா விட்டிருந்தார். அவர் கண்ணுக்குக் காலியாகத்தானே தெரிந்தது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், ஒரு பக்கம் வயல் பள்ளம்.

ஆட்கள் சேர்ந்து லாரியைத் தள்ளினார்கள். கிழங்கை இறக்கினால் சக்கரம் ஏறும் என்று இறக்க ஆரம்பித்தார்கள். கிழங்குகள் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இமைகள் தூக்கத்துக்குப் போகிற குழந்தைக்கு இறங்குவது போல இறங்கிக்கொண்டே வந்தன. தலையை என் தோளில் சாய்த்து ஏதோ சொன்னார். நாக்கு புரளவில்லை. என்ன என்று கேட்டேன். மறுபடியும் சொன்னார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

கொழுந்தன் அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். வயலில் இறங்கி, குறுக்கே நடந்து ஊர் ரோட்டைப் பிடித்துவிடலாம் என்றான். முழங்கால் வரை சேறு. நான் பின்னால் போனேன். என் கையில் அவருடைய செருப்பு இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. பாதி வயலில் கொழுந்தன் நின்றான். திரும்பாமல் சொன்னான்.

"அண்ணி, அண்ணன் கனமா ஆயிட்டாரு."

ஊர் ரோட்டில் யாரோ ஒருவருடைய காரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

அழு, அழுதுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியார் என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுடி என்றார். எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாயில் வைத்ததில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. யார் கையைப் பிடித்தாலும் அது என் கை மாதிரி இல்லை. காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டினேன், எடை பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு எடை கம்மியாக இருந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டு, தினமும் ஒரு முட்டை கொடு என்று சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ஊரில் அக்காவைப் பற்றிப் பேசினார்கள். அவள் கை காட்டினாள், உயிர் போயிற்று என்றார்கள். புருஷனை வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு அடுத்தவள் புருஷனைப் பற்றி என்ன என்றும் ஒருத்தி சொன்னாள். அக்கா சாவுக்கு வரவில்லை. நான் முதல் நாள் பஸ்ஸுக்குப் போய் நின்றபோது, என் முகத்தைப் பார்த்து எதுவும் விசாரிக்கவில்லை. எப்போதும் போல, பஸ் இன்னும் வரவில்லை டீச்சர் என்றார். நான் ம் என்றேன். இரண்டு பேரும் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு எங்கே போய் நிற்பது? பஸ் அங்கேதான் நிற்கும்.

ஒரு காலை நான் நின்றுகொண்டிருக்கும்போதே கொழுந்தன் பைக்கில் வந்து இறங்கினான். நேராகப் போய் வண்டியை எட்டி உதைத்தான். குலைகள் சரிந்தன. குடைக்கம்பியைப் பிடுங்கி வீசினான். காய்கள் ரோடெல்லாம் உருண்டன. எதிரில் வந்த ஒரு லாரி நின்றது. நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

"நீ கைய காட்டுன எடத்துலதான் எங்க அண்ணன் செத்தாரு" என்றான்.

"நான் பாத்தப்ப காலியாதான் இருந்துச்சு தம்பி."

"அங்க அடச்சிக்கினு இருந்துச்சு. அதனாலதான் எதுக்க வண்டி வல்ல. அதனாலதான் உனக்கு காலியா தெரிஞ்சுது. இது கூடவா தெரியாது?"

அக்கா கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கும் மதகு வரைக்கும் ரோடு காலியாகத்தான் கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு எதிரில் இருந்த ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது போல அவர் முகம் இருந்தது. பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனிடம் வந்தார்.

"எங்கன்னு காட்டு."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. இன்னா என்றான்.

"வண்டி நின்ன எடம். வா, காட்டு."

அவன் என்னைப் பார்த்தான். அக்கா பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் கரை ரோட்டில் போனார்கள். என் பஸ் வந்தது. நான் ஏறிப் போய்விட்டேன்.

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்து சொன்னான். அவர் அங்கே இறங்கி வெயிலில் நின்றாராம். லாரி எங்கே இறங்கியது, நம் வண்டி எங்கே நின்றது, அண்ணனை எந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். பிறகு களத்துப் பாதையில் நடந்து போய்க் களத்தைச் சுற்றிப் பார்த்தாராம். எத்தனை டிராக்டரை வேண்டுமானாலும் ஒதுக்கி நிறுத்துகிற அகலம் அது. இங்க ஒரு ஆளு நின்னிருந்தா லாரிய களத்துல வாங்கி நிறுத்திட்டு உங்கள விட்டிருக்கும் இல்ல தம்பி என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். உதைத்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா கடையில் யாரும் இல்லை. நான் போகாமல் நின்றேன். எல்லோரும் என்னிடம் ஏதாவது சொல்லியிருந்தார்கள். ஊர் ரோட்டில் போயிருந்தால் கண்டிப்பாகப் பிழைத்திருப்பார் என்று பாதிப் பேர். எந்த ரோட்டில் போனாலும் அவ்வளவுதான், விதி என்று பாதிப் பேர். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. அவரிடமும் கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை. எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல்தான் கேட்டேன்.

"ஊர் ரோட்டுல போயிருந்தா பொழச்சிருப்பாராக்கா?"

அவர் கையில் இருந்த காயைக் கீழே வைத்தார்.

"அங்கயும் வால் நின்னுக்கினு இருந்துச்சு. அது எப்ப நவுந்துச்சுன்னு நான் பாக்கல. எனக்குத் தெரியாது டீச்சர்."

அவ்வளவுதான். மன்னித்துவிடு என்றோ, தைரியமாக இரு என்றோ சொல்லவில்லை. அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோரும் எனக்காகத் தெரிந்துவைத்திருந்த ஒன்றை, அவர் ஒருவர்தான் தெரியாது என்றார். ஆறுதலாக இருந்ததா என்றால் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் மட்டும் நிற்க முடிந்தது. அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கொஞ்ச நாளில் பாலத்தருகே குழாய்களைப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி ரோட்டை இணைத்துவிட்டார்கள். வண்டிகள் பழையபடி பாலத்து ரோட்டில் போக ஆரம்பித்தன. மூணுரோட்டில் வியாபாரம் மறுபடி சூடு பிடிக்கிற நேரத்தில், ஒரு காலை அங்கே குடை இல்லை. அக்கா வண்டி நிற்கும் இடத்தில் சக்கரம் அழுத்திய தடம் மட்டும் இருந்தது. கரைமேல் அந்த முனைக்குக் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று மினிபஸ் டிரைவர் சொன்னார். அங்கே யார் போய் இளநீர் குடிக்கப் போகிறார்கள், அந்த அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றும் சொன்னார். வண்டியையும் குலைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது என் கொழுந்தனின் குட்டியானை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மூணுரோட்டில் வேர்க்கடலை விற்கிற ஒருவர் வந்து உட்கார்ந்தார். போகிறவர்கள் அவரிடம் வழி கேட்டார்கள். வெள்ளிமலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவர் உடனே ஒரு நேரத்தைச் சொன்னார்.

என் பஸ் மலைப்பக்கம் போவது. கரை ரோட்டுக்கும் எனக்கும் வேலை இல்லை. டவுனுக்குப் போனாலும் பாலத்து வழியாகத்தான் போய் வந்தேன். அந்த முனையை நான் மறுபடி பார்க்காமலேயே ஒரு வெயில் காலம் போயிற்று. மகள் பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்புக்குப் போனாள். நான் எடை பார்த்தேன், முட்டை வேகவைத்தேன், மீட்டிங்குக்குப் போனேன். யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த மழையில் குழாய்க்கு மேல் கொட்டிய மண் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் எல்லா வண்டியும் மற்ற இரண்டு ரோட்டில். அன்றைக்கு எனக்கு டவுனில் மாதாந்திர மீட்டிங். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊர் ரோட்டில் வால் நின்றது. வேர்க்கடலைக்காரர் கையைக் காட்ட, எங்கள் மினிபஸ் கரை ரோட்டில் ஏறியது. நான் ஜன்னலோரத்தில் இருந்தேன். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. மதகு வந்தது. கைப்பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் வளைந்தது. அக்கா யூரியா சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அதே ஆம்பளைச் சட்டையோடு ரோட்டின் நடுவில் நின்றிருந்தார். எதிரிலிருந்து வந்த கரும்பு டிராக்டர்களும் ஒரு கிழங்கு லாரியும் களத்தில் ஒதுங்கி நின்றன. டிரைவர்கள் இறங்கி டிரெய்லருக்கு அடியில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இடது கையால் அவர்களை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, வலது கையை வீசி எங்களை வரச் சொன்னார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அவர் கண் எங்களுக்குப் பின்னால் வருகிற வண்டியில் இருந்தது.

டிரைவர் கியரைக்கூட மாற்றவில்லை. பனைமரங்கள் வந்தன, போயின. லாரி இறங்கிய ஓரத்தில் யாரோ கருங்கல்லை அடுக்கி மண்ணை இறுக்கியிருந்தார்கள். வயலில் நாற்று நட்டிருந்தது. எல்லாம் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குள் ஜன்னலை விட்டுப் போய்விட்டது.

இவ்வளவுதானா அந்த இடம், இப்படிக் கடந்துவிடுகிற இடமா என்று எனக்குள் யாரோ கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போனார். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் முதுகில் கை வைத்து, "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

அந்தக் கையின் சூடு எனக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் அதற்குள் கரையை விட்டு இறங்கி டவுன் ரோட்டில் ஏறியிருந்தது.